அரசியின் முகத்தைக் கடத்தியது யார்?

அத்தியாயம் 3

தன் கட்சிக்காரருக்கு எதிராகத் தானே வாக்குமூலம் கொடுத்த துப்பறிவாளர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அந்தப் பெருமை லீக் சாருக்கு அன்று காலை, ஒரு வீடியோ கம்பெனி முதலாளியின் அறையில், நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே கிடைத்துவிட்டது.

லீக் சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. குடிநீர்த் துறையில் தலைமுடி உதிரும்வரை வேலை பார்த்தவர். சாலையில் இரும்புக் கம்பியை ஊன்றி, அதன் நுனியில் காதை வைத்து, பூமிக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே அழுகிறது என்று சொல்லிவிடுவார். அவர் சொன்ன இடத்தைப் பத்துத் தடவை தோண்டினால் ஒன்பது தடவை வறண்ட மண்தான் வரும் என்று பொறாமைக்காரர்கள் பேசினார்கள். அபாண்டம். எட்டுத் தடவைதான். ஓய்வு பெற்ற கையோடு, இனி மனிதர்களின் கசிவுகளைக் கண்டுபிடிப்பதாக வாசலில் பலகை மாட்டிவிட்டார். முதல் அத்தியாயத்தில் காணாமல் போன பூனையை மீட்டுக் கொடுத்தார். அது வேறு பூனை. இரண்டாம் அத்தியாயத்தில் காணாமல் போன மூக்குக்கண்ணாடியை ஊரெல்லாம் தேடினார்; அதை மாட்டிக்கொண்டுதான் தேடினார்.

உதவியாளர் அவருடைய மருமகள். பல் டாக்டர். கிளினிக் இல்லாத நேரங்களில் மாமனாருக்குக் காரோட்டி, மெய்க்காப்பாளர், முடிந்த அளவுக்கு மானக்காப்பாளர். மரியாதைக் குறைவான ஒரு சொல் அவள் வாயில் வராது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி, "மாமா" என்று மென்மையாக ஆரம்பித்துத்தான் எதையும் பிடுங்குவாள்.

இந்த வழக்கு பிறந்ததே அவளுடைய கிளினிக் நாற்காலியில்தான். கடைவாய்ப் பல் வலியோடு வந்த ஒரு பெண், வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு அழுதாள். வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி போட்டாகிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அவள் பல்லுக்காக அழவில்லை, வேலை போகப்போகிறதே என்று அழுகிறாள் என்று.

பழைய படங்களின் நெகட்டிவை எடுத்து, கீறலையும் பூஞ்சையையும் தூசியையும் ஒவ்வொரு ஃபிரேமாக நீக்கிப் புதிதாக்குவது அவள் தொழில். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் தூசி மேடம். அவள் கடைசியாகத் துடைத்து முடித்தது 'பாலைவனப் பேரரசி' என்ற காவியம். படம் ஓடி முடிவதற்குள் பிறந்த குழந்தை தவழ ஆரம்பித்துவிடும், அவ்வளவு நீளம். அதில் கூட்டத்தோடு கூட்டமாக நடித்தவர்களை மட்டும் ஒன்றுசேர்த்தால் ஒரு தனி நாடு அறிவித்து, தபால்தலை வெளியிடலாம். கேசட்டாக வந்தது, டிவிடியாக வந்தது, இப்போதுதான் முதல் முறையாக அசல் நெகட்டிவிலிருந்து முழு அகலத்தோடு புளூ-ரே வட்டாக வருகிறது.

வரவிருந்தது. அதற்குள் வெடித்தது குண்டு. ஒரே படத்தின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு இணையத்தில் எழுதுகிற ஒருவர், 'ஒப்பீட்டுத் திலகம்' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டவர், விற்பனைக்கு வரும் முன்பே ஒரு பிரதி கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு எழுதினார்: "அரசியின் க்ளோஸப்பைக் காணோம்!"

தளபதி போருக்குக் கிளம்பும் காட்சி. அரசியின் கண்ணில் நீர் திரண்டு, விழவா வேண்டாமா என்று தயங்கி நிற்கும். அந்த முகம் திரையை நிறைக்கும். ஒரு தலைமுறையே அந்தக் கண்ணீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டது. அது புதுப் பதிப்பில் இல்லையாம்.

"நீங்களே பாருங்க சார்" என்றார் முதலாளி. சுவரில் ஒரு வீட்டுக் கதவை விடப் பெரிய டிவி. "வாங்கறவன் வீட்டுல எப்படிப் பார்ப்பானோ அப்படியே பார்ப்போம்னுதான் இங்க போட்டேன். இந்த மேடம் ரூமுக்குப் போனா அது இவங்க மெஷின். இவங்க என்ன வேணும்னாலும் காட்டுவாங்க."

டிவியில் மாபெரும் அரண்மனைக் கூடம். கவசம் பளபளக்கத் தளபதி நின்று முழங்கினான்: "மணல்மேல் ஆணை! மீண்டும் வருவேன்!" பிறகு விறுவிறுவென்று நடந்து போனான்.

"பாத்தீங்களா? க்ளோஸப்பை விடுங்க. ஆளே இல்ல! அரசி இல்லாத அரசி படம்! இவன் யார்கிட்ட சார் சொல்லிட்டுப் போறான், தூண்கிட்டயா?"

தூசி மேடம் ஒரு கன்னம் வீங்கியிருந்தாலும் நிமிர்ந்தே நின்றாள். "நான் ஒரு ஃபிரேமைக்கூட வெட்டல சார். நெகட்டிவ்ல இருக்கறது அப்படியே இருக்கு."

"அப்போ என் டிவிதான் அரசியை முழுங்கிடுச்சா?" முதலாளி மேஜையைத் தட்டினார். "சாயங்காலம் லாரி வருது. அதுக்குள்ள அந்த முகம் எங்கேன்னு தெரியணும். இல்லேன்னா சரக்கு கிடங்குலயே கிடக்கும், இவங்க வீட்டுக்குப் போவாங்க. ஏன் போனாங்கன்னு இந்தத் தொழில்ல இருக்கற ஒருத்தர் விடாம சொல்லிடுவேன்."

சொன்னால் அதோடு சரி. அப்புறம் எவரும் அவள் கையில் ஒரு முழம் ஃபிலிமைக் கொடுக்கமாட்டார்கள். காலையில் ஹாலில் அத்தனை பேர் முன்னாலும் "கை சுத்தமில்லாதவங்க" என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் லீக் சார் தொண்டையைச் செருமினார். நெஞ்சை நிமிர்த்தினார். கட்சிக்காரரைக் காப்பாற்றப் போகிறார் என்று எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த க்ளோஸப் படத்துல கண்டிப்பா இருந்தது. நான் தியேட்டர்ல பார்த்தேன். முதல் நாள், முதல் காட்சி. அந்த முகம் என் மூஞ்சிக்கு நேரா, இவ்வளவு பெரிசு!" கையை விரித்துக் காட்டியதில் முதலாளியின் பேனாத் தாங்கி கீழே விழுந்தது.

"கேட்டுக்கிட்டீங்களா மேடம்?" முதலாளிக்குப் பரம சந்தோஷம். "நீங்க கூட்டிட்டு வந்த ஆளே சொல்லிட்டார்!"

"மாமா" என்றாள் மருமகள் மென்மையாக. "முடிஞ்சுது. வாயை மூடிக்கலாம்."

காரில் ஏறியதும் அவள் சாவியைத் திருகாமல் கேட்டாள். "நாம யார் பக்கம் மாமா?"

"உண்மையின் பக்கம்."

"அது எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா வண்டியைத் திருப்பிடுவேன்."

"திலகம் வீட்டுக்கு விடும்மா. கடத்தினவன் அவன்தான். புதுப் பதிப்பு நின்னு போனா அவன்கிட்ட இருக்கற பழைய பதிப்புக்கெல்லாம் மவுசு. திருடு போச்சுன்னு முதல்ல கத்தறவனைத்தான் நான் எப்பவும் முதல்ல சந்தேகப்படுவேன்."

"பூனை கேஸ்ல முதல்ல கத்தினது பூனை மாமா."

திலகத்தின் வீட்டில் சுவர்கள் இருந்திருக்க வேண்டும், தெரியவில்லை. தரையிலிருந்து கூரைவரை கேசட், வட்டு, பெட்டி. அவருடைய மனைவி முதலில் தன் துணிமணிகளுக்கு அலமாரியில் இடமில்லை என்று அம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்தாராம். பிறகு துணிமணி இருக்கும் இடமே வசதி என்று தானும் அங்கே தங்கிவிட்டாராம். திலகம் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

"செருப்பை வெளிய விடுங்க. கையைக் கழுவுங்க. வட்டுகளுக்குப் பக்கத்துல பெருமூச்சு விடாதீங்க."

"எங்க ஆபரேஷன் தியேட்டர்லகூட இவ்வளவு இல்ல" என்றாள் மருமகள்.

லீக் சார் நேரடியாகப் பாய்ந்தார். "அரசியோட முகத்தை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

"ஒளிச்சா? மாட்டியே வெச்சிருக்கேன்!"

உண்மைதான். கேசட்டிலிருந்து எடுத்த அந்த முகம், ஜன்னல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், சட்டம் போட்டுத் தொங்கியது. குற்றவாளி இவ்வளவு வெளிப்படையாக இருந்தால் துப்பறிவாளர் என்னதான் செய்வார்? லீக் சாருக்குக் கால் வலித்தது. உட்கார ஒரே ஒரு நாற்காலிதான், அதில் ஒரு வட்டுப் பெட்டி உட்கார்ந்திருந்தது. டிவிக்கு முன்னால் தரையில், மூக்கு திரையைத் தொடும் தூரத்தில் சம்மணம் போட்டார்.

"நான் அந்தப் பொண்ணுக்கு எதிரி இல்ல சார்" என்றார் திலகம். "எல்லாப் பதிப்பையும் பார்த்திருக்கேன். கேசட்ல ரெண்டு பக்கமும் வெட்டிட்டான், ஆறு குதிரை பூட்டின தேரை ரெண்டு குதிரை இழுக்குது. முதல் டிவிடி அந்தக் கேசட்டோட ஜெராக்ஸ். ரெண்டாவது டிவிடியில பளபளப்பாக்கறேன்னு எல்லார் முகத்தையும் வழிச்சுட்டான், தளபதி மெழுகுபொம்மை மாதிரி இருப்பான். அதுக்கப்புறம் ஒண்ணு வந்தது, பாலைவனம் பூரா பச்சை, ஒட்டகம் மேயலாம். இந்தப் புதுசு இருக்கே, தங்கம்! மணல் ஒவ்வொண்ணும் தனியாத் தெரியுது. இவ்வளவு செஞ்சவங்க அந்த முகத்தை மட்டும் ஏன் விட்டாங்க? அதான் வயிறு எரியுது."

கேசட்டை ஓட்டினார். தளபதி முழங்கினான். "மணல்மேல் ஆணை" முடிந்ததுமே பட்டென்று திரை மாறி அரசியின் முகம் வந்தது. கண்ணீர் திரண்டது, தயங்கியது. இரண்டு ஆண்களும் தடையை மீறிப் பெருமூச்சு விட்டார்கள்.

"மூஞ்சி ஏன் இப்படிப் பொரிபொரியா இருக்கு?" என்றாள் மருமகள்.

"கேசட்னா அப்படித்தாம்மா."

"தளபதி மூஞ்சி நல்லாத்தானே இருந்துச்சு? கிட்டப் போய் எடுத்தது இன்னும் தெளிவா இல்ல இருக்கணும்? எக்ஸ்ரேல ஒரு சின்னப் பல்லை இழுத்து இழுத்துப் பெரிசாக்கினாத்தான் இப்படிப் பொரிஞ்சு போகும்."

"அரசியைப் பல்லோட ஒப்பிடாதீங்க!" திலகம் காதைப் பொத்திக்கொண்டார்.

"சரி, புதுசைப் போடுங்க."

புதிய வட்டு சுழன்றது. கூடம் விரிந்தது. தளபதி முழங்கினான். லீக் சார் உட்கார்ந்தபடியே துள்ளினார்.

"அரசி! அதோ அரசி!"

இடது கோடியில், தூணின் நிழலில், அரசி சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். சாவகாசமாக, எப்போதுமே அங்கேதான் நிற்பவள் போல.

"அரசி இல்லேன்னு நான் எங்க எழுதினேன்?" என்றார் திலகம். "ஓரமா நிக்கறா. க்ளோஸப் இல்லேன்னுதான் எழுதினேன்."

"முதலாளி ரூம்ல இதே வட்டு, இதே காட்சி. அங்க இவ இல்லவே இல்ல" என்றார் லீக் சார்.

"அப்போ வட்டுல கோளாறு இல்ல மாமா."

லீக் சாருக்குள் குடிநீர்த் துறை விழித்துக்கொண்டது. "ரோட்டுல தண்ணி ஊறின இடத்தையே தோண்டித் தோண்டி நான் எவ்வளவு திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா? ஓட்டை மேட்டுல எங்கயோ இருக்கும்! அது முதலாளியோட டிவிம்மா. அதை அங்க போய்ப் பார்த்துக்கலாம். இப்ப இந்த க்ளோஸப்..." பேச்சு நின்றது. மூக்கு திரையை ஒட்டியிருந்ததால், வேறு எவரும் பார்க்காத ஒன்றை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தூணில் ஒரு தீவட்டி. அதைச் சுற்றி ஒரு விட்டில்பூச்சி. தளபதி "மீண்டும்" என்றதும் அது தலைகுப்புற அரசியின் கிரீடத்தில் விழுந்தது; "வருவேன்" என்றதும் எழுந்து பறந்தது.

"இந்தப் பூச்சியை நான் இப்பத்தான் எங்கயோ பார்த்தேன்."

"கேசட்ல ஒரு புள்ளி இருக்கும்" என்றார் திலகம். "அது கறை. நான் அதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன்."

கேசட்டை மறுபடி ஓட்டினார்கள். பெரிய முகம். அதன்மேல் மங்கலாக ஒரு புள்ளி. "மீண்டும்" என்றதும் விழுந்தது. "வருவேன்" என்றதும் எழுந்தது.

மருமகள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். "ஒரு பூச்சி ரெண்டு தடவை அச்சுப் பிசகாம நடிக்குமா மாமா? ரீடேக் வாங்கின பூச்சியா?"

திலகம் சட்டம் போட்ட முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "அப்படின்னா ரெண்டும் ஒரே ஷாட்டு." வார்த்தை வார்த்தையாகத் தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டார். "அந்தக் காலத்து டிவி சதுரம். படம் அகலம். இடது கோடியில இவ, வலது பக்கமா அவன். ரெண்டு பேரும் சதுரத்துல அடங்கல. கேசட் போட்டவன் அவனைக் காட்டிட்டு, தாவி இவளைக் காட்டி, முகத்தை இழுத்துப் பெரிசாக்கி... க்ளோஸப்பை டைரக்டர் எடுக்கவே இல்ல. எவனோ ஒருத்தன் ஆபீஸ்ல உக்காந்து பண்ணினது!"

"அதுக்குத்தான் சட்டம் போட்டிருக்கீங்க" என்றாள் மருமகள்.

வழக்கு முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். லீக் சார் விடவில்லை. அவர்தானே எதிர்த்தரப்பின் முக்கிய சாட்சி! "ஆனா நான் தியேட்டர்ல பார்த்தேனே! அப்ப ஏது கேசட்டு?"

"எங்க உக்காந்திருந்தீங்க மாமா?"

"முதல் வரிசை. இடது பக்கம் கடைசி நாற்காலி. வேற டிக்கெட் கிடைக்கல. ஒரு வாரம் கழுத்து திரும்பல."

"திரையோட இடது ஓரம் உங்க மூக்குக்கு நேரா இருந்திருக்கு. உங்க ஒருத்தருக்கு மட்டும் அது க்ளோஸப்தான். சரி, தளபதி எப்படி இருந்தான்?"

லீக் சார் வெகுநேரம் யோசித்தார். "அந்தக் காட்சியில தளபதி உண்டா? எங்கிருந்தோ குரல் மட்டும் வந்தது. ஏதோ அசரீரின்னு நினைச்சேன்."

திலகத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு அவர்கள் திரும்பிப் போனபோது ஹாலில் தூசி மேடத்தின் மேஜை காலியாகியிருந்தது. அவளுடைய சாமான்கள் ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஏறி, முதலாளி அறை வாசலில் காத்திருந்தன. வெளியே லாரி பின்பக்கமாக வந்து கிடங்கை ஒட்டி நின்றது.

கடைசி அத்தியாயத்துக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த நடையை லீக் சார் இப்போதே நடந்தார்: அறையின் குறுக்கே மூன்று எட்டு, ஒரு திருப்பம், நீட்டிய சுட்டுவிரல். "அரசியை ஒளிச்சது இந்த ரூமுக்குள்ளதான் இருக்கு!"

"நானா?" முதலாளி எழுந்துவிட்டார்.

"உங்க கையில இருக்கறது."

முதலாளி ரிமோட்டைப் பாம்பைப் போலக் கீழே போட்டார். மருமகள் எடுத்து, பொத்தானைத் தேடி அழுத்தினாள். டிவியில் படம் சுருங்கியது. மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டைகள் வந்தன. இடது கோடியிலிருந்து, தூணோடும் தீவட்டியோடும், அரசி அறைக்குள் வந்து சேர்ந்தாள்.

"அய்யோ, கறுப்பு!" என்று அலறினார் முதலாளி. "அதை எதுக்கு மறுபடி கொண்டாந்தீங்க? இவ்வளவு பெரிய டிவியை வாங்கிட்டு மேலயும் கீழயும் சும்மா விடறதான்னு நான்தான் நிரப்பி வெச்சேன்."

"நிரப்பறதுக்காகப் படத்தை இழுத்திருக்கு சார்" என்றாள் தூசி மேடம். "இழுத்ததுல ரெண்டு ஓரமும் சுவத்துக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. அரசி ஓரத்துல நின்னாங்க."

முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். ஆனால் வியாபாரி வியாபாரிதான். "சரி. ஆள் வந்தாச்சு. க்ளோஸப்?"

லீக் சார் தூசி மேடத்தின் பெட்டியைத் தூக்கி வந்து, சாமான்களைக் கொட்டிவிட்டு, ஒரு பக்கத்து அட்டையைக் கிழித்து, நடுவில் சதுரமாக ஓட்டை போட்டார். அதை டிவிமேல் பிடித்துத் தளபதியைக் காட்டினார். பிறகு அட்டையோடு சுவரை ஒட்டி இடது பக்கம் நகர்ந்தார். முழங்கால் இரண்டும் படாரென்று சத்தம் போட்டன; லாரி டயர் வெடித்ததாக வெளியே யாரோ ஓடிப் பார்த்தார்கள். ஓட்டைக்குள் அரசியின் முகம் மட்டும் நின்றது. நீர் திரண்டது. விட்டில் விழுந்தது.

"கேசட்டுக்காரன் செஞ்சது இதுதான்" என்றார் லீக் சார் மூச்சு வாங்க. "அதே பூச்சி ரெண்டுலயும் இருக்கு. இவங்க எதையும் வெட்டல."

"அந்தப் பூச்சியை ஏம்மா விட்டே?" என்றார் முதலாளி.

"தூசியைத்தான் சார் எடுப்பேன். பூச்சி அன்னிக்கு உயிரோட நடிக்க வந்திருக்கு."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரசியின் கண்ணீர் யாரையும் விடாது. "அருமை. என்ன முகம்! அட்டை ஓட்டையில பார்த்தாலே இப்படி இருக்கு. மேடம், வேலை உங்களுக்குத்தான். பெட்டியைப் பிரிச்சு வெச்சுடுங்க. பிரிச்சு வெச்சுட்டு, இந்த க்ளோஸப்பை உள்ள போட்டுடுங்க. லாரியைத் திருப்பி அனுப்பறேன், புது வட்டு அடிச்சுக்கலாம். ஜனங்க அதைத்தானே கேக்கறாங்க?"

லீக் சார் கையிலிருந்த அட்டை தானாகக் கீழே இறங்கியது. தூசி மேடத்தின் வீங்கிய கன்னம் சிவந்தது.

"வெட்டினேன்னு சொல்லி என்னை வெளிய போகச் சொன்னீங்க. இப்ப வெட்டினாத்தான் உள்ள இருக்கலாம்கறீங்க. ஒரே ஷாட்டை நடுவுல அறுத்து, முகத்தைப் பிச்சு ஒட்டணும். நான் செய்யாத தப்பை எனக்கு வேலையாவே கொடுக்கறீங்க சார். முடியாது." குனிந்து, கொட்டிக் கிடந்த சாமான்களைத் திரும்பவும் பொறுக்க ஆரம்பித்தாள். கிழிந்த பெட்டியில் எதுவும் நிற்கவில்லை.

"திலகமே என் கட்சிதான்" என்றார் முதலாளி திலகத்தின் பக்கம் திரும்பி. "சொல்லுங்க சார். க்ளோஸப் வேணும்னு கேட்டது நீங்கதானே?"

திலகம் டிவிக்கு முன்னால் நின்று, கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் திரையைத் தொட்டார். மருமகள் அதைப் பார்த்து மிரண்டுபோனாள். "அந்த இடத்தை மறுபடி ஓட்டும்மா" என்றார்.

ஓடியது. தளபதி வலது பக்கம் நடந்து மறைந்தான்.

"அவ கண்ணைப் பாருங்க."

பார்த்தார்கள். தளபதி போன திசையில் அந்தக் கண் நகரவே இல்லை. அவன் நின்றபோதும் அவனைப் பார்க்கவில்லை, போனபோதும் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில், இருட்டில், ஆளில்லாமல் இருந்தது சிம்மாசனம். நீர் திரண்ட கண் அதன்மேல் இருந்தது.

"ஒவ்வொரு ஃபிரேமாத் துடைச்சிருக்கேன்" என்றாள் தூசி மேடம். "தூசியைத்தான் பார்த்தேன். இதைப் பார்க்கல."

"பிரிவுத் துயரம் இல்ல" என்றாள் மருமகள். "தொலைஞ்சான், இனி நாற்காலி நமக்குத்தான்னு ஆனந்தக் கண்ணீர்."

"காதல்னு நினைச்சேன்" என்றார் திலகம். "காதல்னுதான் வருஷக்கணக்கா எழுதினேன்."

லீக் சார் கழுத்தைத் தடவிக்கொண்டார். முதல் வரிசை இடது ஓரத்திலிருந்து அந்தக் கண்ணீர் தனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

திலகம் திரும்பினார். "முகத்தைப் பிச்சு ஒட்டினீங்கன்னா சிம்மாசனம் போயிடும். மறுபடியும் அதே பொய். அப்படி வந்தா நான் விடமாட்டேன், ஊர் பூரா எழுதுவேன். இப்படியே விட்டீங்கன்னா, நான் சொன்னது தப்புன்னு இன்னிக்கே எழுதறேன். தளபதியைப் பார்க்காதீங்க, இடது ஓரத்தைப் பாருங்க, இத்தனை வருஷமா நீங்க பார்த்தது வேற கதைன்னு எழுதறேன்."

முதலாளியின் கண்ணில் இருந்த நீர் சட்டென்று வற்றியது. "எழுதினா, கேசட்ல பார்த்தவன், டிவிடி வாங்கினவன் எல்லாம் மறுபடி வாங்கிப் பார்ப்பானா?"

"வயிறெரிஞ்சுகிட்டே வாங்குவான்."

"மேடம்" என்றார் முதலாளி, தேன் ஒழுக. "வட்டு இப்படியே போகட்டும். நீங்க இருங்க."

தூசி மேடம் நகரவில்லை. "காலையில ஹால்ல எல்லார் முன்னாடியும் என்னை ஒரு வார்த்தை சொன்னீங்க. அதே ஹால்ல, அதே மாதிரி எல்லார் முன்னாடியும், அது தப்புன்னு சொல்லுங்க. அப்புறம் நான் இருக்கேன்."

முதலாளி லீக் சாரைப் பார்த்தார், காப்பாற்றுவார் என்று. லீக் சார் அட்டை ஓட்டை வழியாக அவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் முதலாளி கதவைத் திறந்து வெளியே வந்தார். மேஜைகளில் இருந்தவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள், கிடங்கு ஆட்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க." குரல் அவருக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாக, "மேடம் எதையும் வெட்டல. அவங்க கை சுத்தம். நான் சொன்னது தப்பு. தப்பு எங்க நடந்துச்சுன்னா..." முழுங்கினார். "என் டிவியில படம் ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டு ஓடிட்டிருந்தது."

பிறகு கிடங்கு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது அந்த டிவியை மாட்டின அன்னிக்கே எங்களுக்குத் தெரியும் சார். யார் உங்ககிட்ட சொல்றது?"

சிரிப்பு சரவெடியாகப் பற்றிக்கொண்டது. முதலாளி சிரிக்கிறவர்களைக் கணக்கெடுக்கப் பார்த்து, முடியாமல், கடைசியில் தானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தார்.

"மாமா" என்றாள் மருமகள். "வந்ததும் இந்த ஹால்ல ஒருத்தரைக் கேட்டிருந்தா, பாதி கேஸ் வாசல்லயே முடிஞ்சிருக்கும்."

"கேட்டுத் தெரிஞ்சுக்கறதுக்கு எதுக்கும்மா ஒரு துப்பறிவாளர்?" என்றார் லீக் சார், முழங்காலைத் தடவிக்கொண்டே.

தூசி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு சிரித்தால் வலிக்கும். தன் காலி மேஜைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கிடங்கு வாசலைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"ஏத்துங்க."